பயப்படத் தெரிந்தவள்

புது போர்டுக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது அவள் மேஜையை விட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். துப்பட்டா நுனியை வாயோடு சேர்த்துப் பிடித்திருப்பாள். பவர் சப்ளையின் பொத்தானை என்னை அழுத்தச் சொல்வாள்.

"நீயே அமுக்குட்டி. எனக்குப் பயமாருக்கு."

"செட்டிங் எல்லாம் போட்டது நீ. நீதான அமுக்கணும்."

"போட்டது நாந்தான். அதனாலதான் பயமாருக்கு."

நான் அழுத்துவேன். ஒன்றும் ஆகாது. பச்சை விளக்கு எரியும். அதற்காக அவள் சந்தோஷப்பட்டுவிட மாட்டாள். கிட்டே வந்து, புறங்கையை ஒவ்வொரு சிப்பின் மேலும் ஒரு நூல் உயரத்தில் கொண்டுபோய், சூடு ஏறுகிறதா என்று பார்ப்பாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதற்கு முன் தாய்மார்கள் கொஞ்சம் தயங்குவார்களே, அப்படி இருக்கும் அது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும், "இன்னும் கொஞ்ச நேரம் போவட்டும்" என்பாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். மற்ற கம்பெனிகளுக்கு எலெக்ட்ரானிக் போர்டுகள் வடிவமைத்துக் கொடுப்பதுதான் தொழில். முதலாளி வெளிநாட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 'சார்' என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. போர்டுக்குள் எந்தத் தடம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. அவள் கிளாக் பார்க்கிறவள்.

கிளாக் என்றால் மணி காட்டுகிற சமாசாரம் இல்லை. ஒரு போர்டில் இருக்கிற சிப்புகளெல்லாம் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்ய ஒரு துடிப்பு வேண்டும். அந்தத் துடிப்பை உண்டாக்கி எல்லோருக்கும் அனுப்புகிற சிப்புக்குத்தான் கிளாக் சிப் என்று பெயர். அதிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு இரண்டு தடமாகப் போகும். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். வாங்கிக்கொள்கிற சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். ஆனால் அந்த ஜோடி எவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு ஆட வேண்டும், எவ்வளவு ஆட வேண்டும் என்பதில் ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு குணம். ஒன்று தாழ்ந்து நின்று மெல்ல ஆடினால் போதும் என்னும். இன்னொன்று உயர்ந்து நின்று வீசி ஆடக் கேட்கும். கிளாக் சிப்பின் ஒவ்வொரு வாசலுக்கும் 'நீ இப்படி ஆடு, நீ அப்படி ஆடு' என்று சொல்லி வைப்பதுதான் அவள் வேலை.

அதற்கு ஆயிரம் பக்கக் கையேடு உண்டு. மற்றவர்களாக இருந்தால் கிளாக் சிப்பின் கையேட்டைத்தான் முதலில் திறப்பார்கள். அவள் வாங்கிக்கொள்கிற சிப்பின் கையேட்டைத் திறந்து, எதைத் தாண்டினால் அது கெட்டுப்போகும் என்று எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் படிப்பாள். "அவன் எம்புட்டுத் தாங்குவான்னு தெரியாம இவன எப்படி அவுத்து விடுவே?" என்று கேட்பாள்.

அவளுக்கு ஊர் வாசுதேவநல்லூர். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். பின் படிக்குப் பக்கத்து இருக்கை காலியாக இல்லாவிட்டால் அந்த பஸ்ஸையே விட்டுவிடுவாள். லிஃப்ட் ஆகாது. பல்லி ஆகாது. பெயர் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள், எடுக்காமல் விட்டதை நினைத்தும் பயப்படுவாள். சாரல் காலத்தில் எங்கள் மாடிக்குக் குரங்குகள் வரும். ஒருநாள் ஒன்று உள்ளே வந்து மின் துடிப்பைத் திரையில் காட்டுகிற ஸ்கோப்பின் மேல் உட்கார்ந்து, அளவெடுக்கிற ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டது. எல்லோரும் விரட்ட ஓடினோம். அவள் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மெயினை ஆஃப் பண்ணுங்க, அதுக்கு ஷாக் அடிச்சிரும்" என்று கத்தினாள்.

அவளுடைய அப்பா போலீஸில் ஏட்டையா. நல்ல ஆகிருதி, அதற்கேற்ற மீசை. தென்காசி கோர்ட்டுக்கு வரும்போது சில சமயம் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். என்னைப் பார்த்தால் புகார் சொல்லுவார்.

"நீயாவது சொல்லும்மா இவட்ட. போலீஸ்காரன் மவ ராத்திரி வீட்டுக் கொல்லைக்குப் போவத் துணைக்கு ஆள் தேடுதா. வெளியில சொன்னா என்னைய எவன் மதிப்பான்?"

அவர் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "அப்பாவுக்கும் பயம் உண்டுட்டி. ரிட்டையர் ஆவுத வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்காவ."

சீசன் தொடங்கினால் அண்ணாச்சி ஒருநாள் காலையில் ஆபீஸ் மொத்தத்தையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போவார். குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருவோம். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் தலையைக் கொடுத்து நிற்க, அவள் மட்டும் ஓரத்தில் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, தெறிக்கிற தண்ணீரில் நனைவாள். கண் எப்போதும் மேலே, பாறையிலிருந்து தண்ணீர் புறப்படுகிற இடத்தில் இருக்கும்.

"தலைல இம்புட்டுத் தண்ணி விழும்போது எப்படிட்டி கண்ண மூடிக்கிட்டு நிக்கீங்க? மேலருந்து என்ன வருதுன்னு யாராவது பாக்கண்டாமா?"

"போலீஸ் பாப்பாங்க. நீ வந்து நில்லு."

"போலீசைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றவள் ஒரு தடவை திடீரென்று கத்தினாள். "தண்ணி கலங்குது. எல்லாரும் வெளிய வாங்க."

அந்த மெலிந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கினால் பின்னால் வெள்ளம் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்தாள். ஆண்கள் பக்கமும் கலைந்தது. வெளியே நின்று எல்லோரும் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் கொஞ்ச நேரம் டீ நிறத்தில் வந்தது. இரண்டு மூன்று இலைச் சருகுகள் விழுந்தன. பிறகு பழையபடி வெள்ளையாக விழ ஆரம்பித்தது. வெள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை.

தலை நிறைய எண்ணெயோடு ஒரு ஆச்சி இவளைத் தேடி வந்து, "நல்லா எண்ணெய தேச்சிட்டு அப்பதாம்ட்டி தலையக் குடுத்தேன், மூதி" என்று ஏசினாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து யார் கத்தியது என்று விசாரித்தார். இவள் கையைத் தூக்கினாள். ஊர் பேர் விசாரித்ததில் அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"நம்ம ஏட்டையா மவளா நீ? அவரு கள்ளனப் பாத்தாக்கூடக் கத்த மாட்டாரே."

வழுக்கி விழுந்த பெண், எண்ணெய் ஆச்சி, இன்னும் யார் யாரோ, ஒவ்வொருவரிடமும் போய் அவள் மன்னிப்புக் கேட்டாள். இட்லிக் கடையில் எங்கள் கேலி தாங்க முடியாமல் பாதி இட்லியோடு எழுந்துவிட்டாள். இனி இவள் அருவிப் பக்கம் வர மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த தடவை கூப்பிட்டபோது வந்தாள். அதே குழாயைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நில்லும்மா, நில்லு. எனக்கும் ஒரு ஆள் துணைக்கு ஆச்சு" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவளுடைய பயத்தை நான் ரசித்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டால் பொய்யாகிவிடும். ஒரு தடவை பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவளுக்குக் கட்டாயம் கிடைத்திருக்கும், எனக்குத்தான் சந்தேகம். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பையோடு வந்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில், "நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். எனக்கு வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்து நான் அவளோடு பல நாள் பேசவில்லை. அவளும் பேசவில்லை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து, அவித்த பனங்கிழங்கில் பாதியை என் பக்கம் நகர்த்தி வைப்பாள். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"ஏன்ட்டி அப்படிச் செஞ்சே?"

"போவவும் பயமா இருந்துச்சு. போவாம இருக்கவும் பயமா இருந்துச்சு. ரெண்டுல எந்தப் பயம் பெருசுன்னு பாத்தேன். தப்பாப் பாத்துட்டேனோ என்னமோ."

அதற்கு மேல் அவளோடு சண்டை போட முடியாது.

இனி அந்த அரிசி மெஷின் விஷயம். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அரிசி ஆலைகளுக்கு நிறம் பிரிக்கிற மெஷின் செய்துகொண்டிருந்தார். அரிசி அருவி மாதிரி கீழே விழும், கேமரா பார்க்கும், கருப்பு அரிசி கண்ணில் பட்டால் காற்றால் ஊதித் தள்ளும். அந்தக் கேமராவுக்குப் பின்னால் இருக்கிற போர்டு எங்களுடையது. எங்கள் ஆபீஸின் சோறே அப்போது அந்த போர்டுதான்.

வழக்கமாக வாங்குகிற கிளாக் சிப் அந்தச் சமயம் எங்கேயும் கிடைக்கவில்லை. அண்ணாச்சி அலைந்து திரிந்து வேறொரு சிப் கண்டுபிடித்தார். கால்கள் எல்லாம் அதே இடத்தில் பொருந்தின. நான் வரைந்ததை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அவள் புது சிப்புக்கு ஏற்ற மாதிரி எல்லாச் செட்டிங்கையும் திரும்ப எழுதினாள். போர்டு ஓடியது. கேமரா பார்த்தது. அண்ணாச்சி எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். கோயம்புத்தூர்க்காரர் நேரில் வந்து சரக்கை எடுத்துப்போகத் தேதி சொல்லிவிட்டார்.

அவள் வடையைச் சாப்பிடவில்லை. போர்டை ஆஃப் பண்ணுவதும் ஆன் பண்ணுவதுமாக நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தாள்.

"என்னளா பண்ணிக்கிட்டிருக்கே?"

"இது முழிக்கும்போது என்ன பண்ணுதுன்னு பாக்கேன்."

"முழிச்ச பெறகு ஒழுங்காத்தான இருக்கு?"

"முழிச்ச பெறகு எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாவ."

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஸ்கோப்பின் திரையைக் காட்டினாள். கரண்ட் வந்ததும் எங்கள் செட்டிங் கிளாக் சிப்புக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். கண் மூடித் திறக்கிற நேரம் கூட இல்லை. பழைய சிப் அதுவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். புது சிப்புக்கு அந்தப் பொறுமை இல்லை. தொழிற்சாலையில் அதற்கு என்ன சொல்லி அனுப்பினார்களோ அந்தப்படி, எல்லா வாசலிலும் உயர்ந்து நின்று வீசி ஆட ஆரம்பித்தது. எங்கள் செட்டிங் வந்த பிறகுதான் அடங்கியது. எதிர்ப்பக்கம் இருந்த சிப்போ அவ்வளவு உயரத்தைத் தாங்குகிற வகை இல்லை.

சரக்கை அனுப்பக் கூடாது என்று அன்றைக்கே அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் கோயம்புத்தூர்க்காரர் வந்து அண்ணாச்சி அறையில் உட்கார்ந்துவிட்டார். அட்டைப்பெட்டிகளில் போர்டுகள் தயாராக இருந்தன. அண்ணாச்சி அவளை உள்ளே கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"எம்மா, அது எம்புட்டு நேரம் அப்படி ஆடுது?"

"ரொம்பக் கொஞ்ச நேரந்தான் அண்ணாச்சி."

"அதுக்குள்ள அந்தச் சிப்பு செத்துருமா?"

"சாவாது."

"நாளைக்குச் சாவுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"பெறகு எதுக்குச் சரக்கு போவக் கூடாதுங்கே?"

அவள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "எனக்குப் பயமாருக்கு அண்ணாச்சி" என்றாள்.

வெளி ஆள் முன்னால், வியாபாரப் பேச்சில், அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க பயம்? சொல்லுங்க."

"உங்க மெஷினு போற ஆலையில கரண்டு அடிக்கடி போவுமா சார்?"

"அதைக் கேக்கறீங்களா? போறதும் வாறதுமாத்தானுங்க இருக்கும்."

"ஒவ்வொரு தடவ கரண்டு வரும்போதும் இது ஒரு அடி வாங்கும் சார். சின்ன அடிதான். இங்கன மேசை மேல வச்சு ஒரு நாளைக்கு ஒரு தடவ ஆன் பண்ணுனா ஆயுசு முச்சூடும் தாங்கும். அங்கன எம்புட்டு நாள் தாங்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல. தாங்கவும் செய்யலாம். அதான் பயம்னு சொன்னேன். வேற வார்த்தை தெரியல."

அவர் அட்டைப்பெட்டிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "அறுப்புச் சமயத்துல மெஷின் நின்னா ஆலைக்காரன் என்னையத்தானுங்க புடிப்பான். அந்தப் பொண்ணு பயம் தீந்தப்புறம் கூப்புடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அண்ணாச்சி அவரை வழியனுப்பிவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வழி ஒன்று இருந்தது. அந்தச் சிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் செட்டிங்கை நிரந்தரமாகப் பதித்துவிடலாம். பதித்துவிட்டால் அது கண் திறக்கும்போதே நாங்கள் சொன்னபடி திறக்கும். ஆனால் ஒரே ஒரு தடவைதான் பதிக்க முடியும். ஓர் எழுத்து தப்பாகப் போனாலும் அந்தச் சிப் குப்பை. மாற்றுச் சிப் வாங்கலாமென்றால் சந்தையில் இல்லை.

இதுவரை பொத்தான் அழுத்தவே பயந்தவள், அழுத்தினால் திரும்ப எடுக்க முடியாத பொத்தானின் முன்னால் உட்கார்ந்தாள். பதிக்க வேண்டியதை நான் சத்தமாக வாசிக்க, அவள் திரையோடு ஒப்பிட்டாள். பிறகு அவள் வாசிக்க, நான் ஒப்பிட்டேன். பிறகு தலைகீழாகக் கடைசியிலிருந்து வாசித்தோம். தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கை வாழைத்தண்டு மாதிரி சில்லென்று இருந்தது.

"தள்ளு, நான் அமுக்குதேன்" என்றேன்.

"வேண்டாம். இத நாந்தான் அமுக்கணும்."

"ஏன், பயமில்லையா?"

"பயந்தான். தப்பாப் போச்சுன்னா நீ அமுக்குனதுன்னு இருக்கக் கூடாதுல்லா."

அழுத்தினாள். சரியாக வந்தது. அடுத்ததற்கும் அதே மாதிரி பயந்தாள். கடைசிப் பெட்டியின் கடைசி போர்டுக்கும் முதல் போர்டுக்குப் பயந்த அளவு பயந்தாள். பழகப் பழகப் பயம் தெளியும் என்பார்களே, அது அவள் விஷயத்தில் பொய். ஒரு சிப் கூடக் குப்பைக்குப் போகவில்லை.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். பதிக்காத போர்டு ஒன்றை எடுத்து, ஆபீஸ் மூலையில் ஒரு டைமரில் மாட்டினார். அது நாள் முழுவதும் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். 'டக்', கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டக்'. இவள் பயந்தது நியாயந்தானா என்று பார்த்துவிடுவது என்பது அவர் எண்ணம். காலையில் வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே அதனிடம்தான் போவாள். சாரல் முடிந்து, பிசான நெல் நட்டு, அறுத்தும் ஆகிவிட்டது. அந்த போர்டு சாகவில்லை.

"எம்மா, உன் நோயாளி கல்லு மாதிரி இருக்கான்" என்பார் அண்ணாச்சி.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நல்லா இருக்கட்டும்."

எனக்குத்தான் அவள் சார்பில் வருத்தமாக இருந்தது. "ஏளா, அத்தன பேரையும் அலைய விட்டு, அம்புட்டையும் பதிச்சு, கடைசில ஒண்ணுமே இல்லாத விஷயத்துக்கா பயந்தோம்? உனக்கு ஒரு மாதிரி இல்லையா?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "பயந்தது வீணாப் போனா நல்லதுதானட்டி" என்றாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். திருவேங்கடம் பக்கத்து ஆள், ராணுவத்தில் இருந்தார். ஏட்டையா தேடித் தேடிப் பிடித்த வரன். துப்பாக்கி பிடிக்கிற ஆளைக் கட்டினாலாவது மகளுக்குத் தைரியம் வரும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். இவள் சம்மதிக்க மாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், ஆபீஸ் படியேறும்போதே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரின்னு சொல்லிட்டேன்ட்டி."

"பட்டாளத்துக்காரனையா? உனக்கு என்ன ஆச்சு?"

"தனியாப் பேசச் சொன்னாவ. மாட்டுத் தொழுவத்துக்கிட்ட நின்னோம். எனக்கு எல்லாத்துக்கும் பயம், பெறகு ஏமாத்திட்டாள்னு சொல்லக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன். உங்களுக்கு அங்கனலாம் பயமே இருக்காதோன்னு கேட்டேன். அவுக அப்பா பக்கத்துல இருக்காரான்னு திரும்பிப் பாத்தாரு. பெறகு கொரலத் தாழ்த்திக்கிட்டு, ஒவ்வொரு தடவ லீவு முடிஞ்சு ரயில் ஏறும்போதும் பயமாருக்கும்னு சொன்னாரு."

"அதுக்கு?"

"பயமாருக்குன்னு ஒரு ஆம்பள வாயால இப்பத்தான்ட்டி மொதத் தடவ கேக்கேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கல்யாணம் வாசுதேவநல்லூரில் நடந்தது. மறுவீட்டுக்கு அனுப்பும்போது ஏட்டையா மண்டபத்துக்கு வெளியே போய், வேன் மறைவில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் ரிட்டையர் ஆக இன்னும் வருஷங்கள் இருந்தன.

கொஞ்ச நாளில் கணவருக்கு வடக்கே குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவள் வேலையை விட்டாள். தென்காசி ஸ்டேஷனுக்கு நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். ரயில் ஏற இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு ஊறுகாய் டப்பா, அரிசி அப்பளக் கட்டு. அவள் கணவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பெங்களூருக்கே வர மாட்டேன்னு ஓடிட்டே. இப்ப நாட்டோட அந்தக் கடைசிக்குப் போறியே, பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"அதென்ன கேள்வி. பயமாத்தான் இருக்கு."

"அன்னைக்கும் நான் கூட இருந்தேன்லா."

"நீ இருந்தே. ஆனா நீ பயப்படாத மாதிரி நடிப்பே. உன் கூட இருந்தா நானும் நடிக்கணும். இவரு நடிக்க மாட்டாரு."

ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அண்ணாச்சி கையை ஆட்டிக்கொண்டே, "தைரியமா இரும்மா" என்றார். அவள் சிரித்தாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் போன பிறகு புது போர்டுகளுக்கு முதல் கரண்ட் கொடுக்கும்போது ஆபீஸில் யாரும் தள்ளி நிற்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சில வருஷத்தில் அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியாமல் போய்க் கம்பெனியை மூடினார். இப்போது அந்த மாடியில் ஒரு டியூஷன் சென்டர் நடக்கிறது. நான் கல்யாணமாகி இலத்தூர் வந்து, வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வரைந்து கொடுக்கிறேன். அவளுடைய எண் இரண்டு மூன்று தடவை மாறியது. கடைசியாக மாறிய எண் என்னிடம் இல்லை. அவள் அம்மாவும் அப்பாவும் இப்போது மகனோடு சென்னையில் என்று கேள்வி. கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்குவேன்.

அந்த எண் மாறுவதற்கு முன், கடைசியாக நாங்கள் பேசியது ஒரு சாயங்காலம். டிவியில் காலையிலிருந்து எல்லைச் செய்தியாகவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவள் நினைவாகவே இருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே போனைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் கூப்பிட்டேன். பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்கள் குரலும் கேட்டன.

"என்னளா, வீட்ல விசேஷமா?"

"அதெல்லாம் இல்லட்டி. இங்கன எங்க குவார்ட்டர்ஸ் வரிசைல இருக்குத ஆளுக எல்லாரையும் எல்லைக்கு அனுப்பிட்டாவ. இவரும் போயிருக்காரு. போன் வரல. அதான் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்திருக்காளுவ."

"எதுக்கு?"

"பயப்படத்தான். அவவ வீட்ல பயப்பட முடியல பாத்துக்க. ஒருத்தி மாமியார் கூட இருக்கா. ஒருத்திக்குப் பெரிய பிள்ளைக. ஒருத்தி ஆபீசர் பொண்டாட்டி, அவ கண்ணு கலங்குனா மத்தவங்க ஒடைஞ்சிருவாங்களாம். ஆளுக்கு ஒரு பாஷை. ஒருத்தி பேசுதது ஒருத்திக்குப் புரியாது. சாயங்காலமானா இங்கன வந்து உக்காந்து பயப்படுதாளுவ. நான் டீ போடுதேன்."

"நீ என்ன சொல்லுவே அவளுவட்ட?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். தைரியமா இருன்னு மட்டும் யாரும் யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கேன்."

நான் சொல்வதற்காக யோசித்து வைத்திருந்ததும் 'தைரியமா இரு' என்பதைத்தான். அதை விழுங்கிவிட்டு, "ஏளா, எனக்கும் பயமாருக்கு" என்றேன். என் வாயால் அவளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்படியே லைன்ல இருட்டி. வைக்காத. இன்னொருத்தி வந்திருக்கா, கதவத் தொறந்துட்டு வாரேன்."